பேகன் நாடகத்தில் அவன் மனைவிக்கு இடம் உண்டா?

பண்ணைக்காடு டீச்சர்:

எங்கள் மலைப் பள்ளியில் ஆண்டு விழா வருகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம மலைக் கதையா இருக்கட்டும் டீச்சர்" என்றார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்களிடம் நாம் சொல்லும் கதை பெரும்பாலும் 1845-ல் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாவில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இங்கே யாருமே இல்லாததுபோல. அதனால் எனக்குச் சந்தோஷம்தான். இந்த மலைப்பகுதியை ஆண்ட சங்க கால வள்ளல் பேகன் கதை என்று முடிவாயிற்று. மயில் நடுங்கும், மன்னன் போர்வையைக் கழற்றிப் போர்த்துவான், கைதட்டல், திரை.

வசனம் எழுதுவதற்காகப் புறநானூற்றில் பேகன்மேல் உள்ள பாட்டுகளை, 141 முதல் 147 வரை, ஒரே இருப்பில் படித்தேன். கல்லூரியில் தேர்வுக்கு வரும் ஒன்றிரண்டை மட்டும் படித்ததோடு சரி. ஏழையும் சேர்த்துப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் இரண்டுதான் அவன் கொடையைப் பேசுகின்றன. மற்ற ஐந்தும் அவன் விட்டுப் பிரிந்த மனைவிக்காகப் பாடியவை. கபிலர் ஒன்று, பரணர் இரண்டு, அரிசில் கிழார் ஒன்று, பெருங்குன்றூர் கிழார் ஒன்று. நான்கு புலவர்கள் ஒரே மன்னனிடம் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: உன் வீட்டுக்குத் திரும்பிப் போ. அவள் பெயர் கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவள் வேறு.

பழனி மலையில் பிறந்து வளர்ந்த எனக்கே இவளைத் தெரியாது. மயிலைத் தெரியும், போர்வையைத் தெரியும். நாடகத்தைப் போர்வையோடு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. போர்வை முதல் காட்சியாக இருக்கட்டும், அதற்குப் பிறகு அவளுடைய வாசலில் கதை நடக்கட்டும் என்று எழுதிக் காட்டினேன். "ஆண்டு விழாவில் இதெல்லாம் எதற்கு" என்று எதிர்ப்பு வந்தது. இங்கே இருக்கிற நம் மலைக்காரர்கள், அடிவாரத்துக்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தமிழய்யா, பழனி:

அம்மா, முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர்ப்பு நியாயமானது.

முதலில், கண்ணகி என்ற பெயர் அந்த ஐந்து பாட்டில் ஒன்றிலாவது இருக்கிறதா? இல்லை. பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பான கொளுவில்தான் இருக்கிறது. கொளு எழுதியவர் பாடிய புலவர் அல்லர், பின்னால் தொகுத்தவர். இரண்டாவது, இந்தப் பாட்டுகளுக்குப் பெருந்திணை (பொருந்தாத காதலைப் பாடும் பிரிவு), குறுங்கலித் துறை என்று குறித்திருக்கிறார்கள். துறந்த மனைவிக்காகத் தலைவனிடம் பரிந்து பேசுவது என்பது ஒரு துறை, அதாவது மரபாக வகுத்துவைத்த பாடுபொருள். புலவர்கள் துறைக்குப் பாடுவார்கள். அதை அப்படியே ஒரு மனிதனின் வீட்டு நடப்பு என்று எடுத்துக்கொள்வது சரியாகாது.

மூன்றாவதுதான் முக்கியம். பேகன் நமக்கு மிஞ்சியிருக்கிற ஒரே மன்னன். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் "நெடுவேள் ஆவி"யின் பொதினியைச் சொல்கிறார். அந்தப் பொதினிதான் இன்றைய பழனி. ஆவியர் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது பேகனைத்தான் முதலில் வைக்கிறது. பாரியைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பேகனை எத்தனை பேருக்குத் தெரியும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மனிதனை அறிமுகம் செய்கிற இடத்தில், அவன் வேறொரு பெண் வீட்டுக்குப் போனான் என்று சொல்லித்தான் அறிமுகம் செய்ய வேண்டுமா? ஈகையைக் கற்றுக்கொள்ளட்டும் அம்மா. மற்றதைக் கல்லூரியில் படித்துக்கொள்வார்கள்.

பூம்பாறை பூண்டுக்காடு:

நான் விவசாயி. இலக்கியம் தெரியாது. ஆனால் மயில் தெரியும். எங்கள் உயரத்தில் மயிலைப் பார்ப்பது அரிது, கீழே என் மாமனார் தோட்டத்தில் கூட்டம் கூட்டமாக வரும். விதைத்தால் விதையைப் பொறுக்கும், காய்த்தால் காயைக் கொத்தும். பாதுகாக்கப்பட்ட பறவை, ஒன்றும் செய்ய முடியாது. அது குளிருக்கு நடுங்கி நான் பார்த்ததில்லை. மேகம் கூடினால் தோகையை விரித்துச் சிலிர்க்கும், அதைத்தான் நடுக்கம் என்று நினைத்திருப்பார். மயில்மேல் போர்வையைப் போட்டால் அது உதறிவிட்டு ஓடிவிடும். இது தெரியாதவரா ஒரு மலைநாட்டை ஆண்டார்? எனக்கு இந்தக் கதையே சின்ன வயதிலிருந்து உறுத்தல். பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

விருப்பாட்சிக்காரன்:

எல்லாரும் மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் வேறு வழியில் வருகிறேன். பழனி மலை என்றால் ஏன் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் போய்த் தேடுகிறீர்கள்? அடிவாரத்தில் எங்கள் ஊர் விருப்பாட்சி இருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்குப் போகிற மலைவாழைப்பழத்தால்தான் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, அவர் மனைவி வேலு நாச்சியார் தன் மகளோடு திண்டுக்கல் சீமைக்கு வந்தபோது அடைக்கலம் கொடுத்தவர் எங்கள் பாளையக்காரர் கோபால் நாயக்கர். எட்டு வருஷம். 1780-ல் நாச்சியார் படையோடு திரும்பிப் போய்ச் சிவகங்கையை மீட்டார். அப்புறம் கோபால் நாயக்கரே திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களை ஒன்றுசேர்த்துக் கும்பெனியை எதிர்த்தார். 1801-ல் பிடித்துத் தூக்கில் போட்டார்கள்.

கட்டபொம்மனைத் தெரியாத குழந்தை இல்லை. கோபால் நாயக்கரைத் தெரிந்த குழந்தை எங்கள் ஊருக்கு வெளியே எத்தனை? மணிமண்டபம் கட்டியும் அதுதான் நிலைமை. மயிலுக்குப் போர்வை கொடுத்ததைவிட ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் எட்டு வருஷம் இடம் கொடுத்தது பெரிசு இல்லையா? அதை நாடகமாகப் போடுங்கள்.

பண்ணைக்காடு டீச்சர்:

விருப்பாட்சி அண்ணனுக்கு முதலில். நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். அடுத்த வருஷம் அதையே போடுகிறேன், நீங்கள்தான் விவரம் தர வேண்டும். இந்த வருஷத்துக்குப் பேகன் என்று முடிவாகிவிட்டது. ஆனால் உங்கள் வார்த்தை ஒன்று எனக்கு உதவுகிறது: ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தது. பேகன் கதையில் இல்லாதது அதுதான்.

பூண்டுக்காட்டு அண்ணன் கேட்டதற்குப் பரணரே பதில் சொல்லிவிட்டார். 141-வது பாட்டில் "உடாஅ போரா ஆகுதல் அறிந்தும், படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எம்கோ" என்கிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்பது தெரிந்தேதான் கொடுத்தான். அடுத்த பாட்டில் இதற்கு ஒரு பெயரும் வைக்கிறார்: கொடைமடம். மழை வற்றின குளத்திலும் பெய்யும், வயலிலும் பெய்யும், ஒன்றுக்கும் உதவாத உவர் நிலத்திலும் பெய்யும், பேகனின் கொடை அப்படி என்கிறார். கணக்குப் பார்க்காத கை. படை நடத்துவதில் மட்டும் அந்த மடமை அவனுக்குக் கிடையாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். உங்கள் உறுத்தல் பரணருக்கும் தெரிந்திருக்கிறது.

தமிழய்யாவுக்கு. ஐயா, நீங்கள் பெரியவர், நான் உங்களிடம் படித்திருக்க வேண்டியவள். ஆனாலும் கேட்கிறேன். கண்ணகி என்ற பெயர் கொளுவில்தான் இருக்கிறது, அதை எழுதியவர் தொகுத்தவர், அதனால் அதை நம்ப முடியாது என்கிறீர்கள். சரி. பெருந்திணை, குறுங்கலி என்பது எங்கே இருக்கிறது? அதே கொளுவில்தானே? பெயரை ஒதுக்குகிற நீங்கள் துறையை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? கொளுவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படித்துப் பார்ப்போம். எல்லாருக்கும் புரியும்படி சுருக்கமாகச் சொல்கிறேன்.

கபிலரின் பாட்டு (143) இப்படித் தொடங்குகிறது: மழை வேண்டும் என்று குறவர்கள் படையல் போடுகிறார்கள். மழை நிற்காமல் பெய்கிறது. "போதும், மேகம் மேலே போகட்டும்" என்று மறுபடியும் சாமி கும்பிடுகிறார்கள். மழை நின்ற சந்தோஷத்தில் தினைச் சோறு சாப்பிடுகிறார்கள். இது நம் மலைதான் ஐயா! ஐப்பசியில் பத்து நாள் விடாமல் பெய்து பாதை சரிந்து கிடக்கும்போது நாம் வேண்டிக்கொள்வதும் இதையேதான். அப்புறம் கபிலர் கேட்கிறார்: "யார்கொல் அளியள் தானே?" யாரப்பா அந்தப் பாவப்பட்டவள்? நேற்றுப் பசியோடு உன் சிற்றூரில் ஒரு வாசலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம். அவள் கண்ணீரை நிறுத்த முடியாமல் விம்மி, குழல் அழுவதுபோல அழுதாள். அவள் யார்?

கபிலருக்குத் தெரியாதா அவள் யார் என்று? தெரியாததுபோலக் கேட்கிறார். ஒரு மன்னன் முகத்துக்கு நேரே "உன் பெண்டாட்டி அழுகிறாள்" என்று சொல்லாமல் அவனே பதில் சொல்லட்டும் என்று நிறுத்துகிறார். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க விரும்புவது இதைத்தான். பெரிய இடத்தில் இருப்பவரிடம் நியாயத்தை எப்படிக் கேட்பது என்பதை.

அடுத்து பரணர் (145). மயில் நடுங்கும் என்று இரங்கிப் படாம் ஈந்தவனே என்று அழைத்துவிட்டு, "பசித்தும் வாரேம், பாரமும் இலமே" என்கிறார். பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை. நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றுதான்: இன்று இரவே தேர் ஏறிப் போய் அவள் துயரத்தைப் போக்கு. மயிலின் நடுக்கம் தெரிந்த உனக்கு இது தெரியவில்லையா என்று அவர் கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார். அரிசில் கிழார் (146) இன்னும் ஒரு படி மேலே போகிறார். உன் நகையும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம் என்கிறார், பிறகு அவள் கூந்தலை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? குவித்து வைத்த மயில் தோகைக்கு. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

போர்வையோடு நாடகத்தை நிறுத்தச் சொல்கிறீர்கள். போர்வையைப் பாடிய அதே பரணர் அங்கே நிற்கவில்லையே ஐயா.

தமிழய்யா, பழனி:

கொளு பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பெயருக்கு ஒரு நீதி, துறைக்கு ஒரு நீதி வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பக்கத்தில் சிலர் இன்னொரு வாதம் சொல்வார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி, இங்கே பேகன் என்று பெயர் சொல்லியிருப்பதால் இது உண்மை வாழ்க்கை என்பார்கள். அந்த விதி ஒத்த காதலைப் பாடும் அன்பின் ஐந்திணைக்குத்தான். பெருந்திணைக்கு அது பொருந்தாது. ஆகவே பெயர் வந்ததாலேயே நடந்தது என்று ஆகிவிடாது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பாட்டு நம் கையில் இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் இருந்த வீடு நம் கையில் இல்லை. மேடையில் ஒரு பெண் பிள்ளையை நிறுத்தி இவள்தான் பேகன் மனைவி என்று காட்டினால், பார்க்கிறவர்கள் அதை வரலாறு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பண்ணைக்காடு டீச்சர்:

மயிலைக் காட்டினால் மட்டும் வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா ஐயா? இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றேதான், அதே பாட்டுகள்.

கூக்கால் பொண்ணு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மதுரையில் முதுகலை படிக்கிறேன், ஊர் கூக்கால். டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனால் நான் தமிழய்யா கட்சியும் இல்லை, டீச்சர் கட்சியும் இல்லை.

அறியப்படாத நாயகி என்கிறீர்கள் அக்கா. அவள் என்ன செய்தாள்? அழுதாள். ஐந்து பாட்டிலும் துயரத்தில் கிடக்கிறாள். அவள் கண்ணீரைப் பார்த்து நான்கு ஆண்கள் மனம் இரங்கி இன்னொரு ஆணிடம் போய்க் கேட்கிறார்கள். அவள் எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் தனியாக மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பெருங்குன்றூர் கிழார் பாடுகிறார். அழகான பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணவன் தேரில் திரும்பி வந்தால்தான் அவள் தலை வாருவாள் என்ற கதையை மேடையில் பார்க்கிற ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை என்ன எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனவனுக்காக இருபது வருஷம் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைப் புகழ்ந்து பேசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் புகழ்ச்சி அவர்களுக்குச் சோறு போடவில்லை.

வேலு நாச்சியாரும் கணவனை இழந்தவர்தான். அவர் விருப்பாட்சியில் எட்டு வருஷம் அழுதுகொண்டு உட்காரவில்லை, திரும்பிப் போய்ச் சண்டை போட்டார். விருப்பாட்சி அண்ணன் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தாண்டிக்குடி கல்திட்டை:

நாயகன் யார், நாயகி யார் என்று பேசும்போது எனக்கு எங்கள் ஊர்க் கல்திட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. தாண்டிக்குடியிலும் பெருமாள்மலைப் பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த அந்தப் பழங்கால ஈம வீடுகள் யாருக்காகக் கட்டியவை என்று ஒரு பெயர்கூட மிச்சமில்லை. பேகன் காலத்துக்கு முன்பிருந்தே இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் கீழே பொருந்தலைக் காட்டலாம். பழனிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் 2009-10-ல் அங்கே தோண்டியபோது ஒரு ஈமக்குழியில் ஒரு பானை நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் ஏறக்குறைய கி.மு. 490 என்று வந்தது. அதே இடத்தில் மண்பொருளில் தமிழ் பிராமி எழுத்தும் இருந்தது. மணி செய்கிற தொழிலும் நடந்திருக்கிறது. யாழோடு பாணர்கள் ஏறி வந்த மலை வெறும் காடு இல்லை, நெல்லும் எழுத்தும் வியாபாரமும் இருந்த அடிவாரத்துக்கு மேலே இருந்த மலை.

இதைச் சொல்வதற்குக் காரணம், நாடகத்துக்குப் பின்னணி வரைகிறவர்கள் வெறும் குகையும் தழை உடையுமாக வரைந்துவிடக்கூடாது. அவ்வளவுதான் என் கோரிக்கை.

பண்ணைக்காடு டீச்சர்:

கூக்கால் தங்கச்சி, நீ கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் தப்பாக எழுதியிருப்பேன்.

அழுகிற பெண்ணைப் புகழ்ந்து பேசியே அவளை உட்கார வைத்துவிடுகிறோம் என்று நீ சொன்னது உண்மை. என் அம்மாவின் அக்கா அப்படி வாழ்ந்தவர். அதனால்தான் 144-வது பாட்டை நான் இவ்வளவு நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன். அதை நீயும் ஒருதரம் மெதுவாகப் படி.

பரணரும் அவருடைய ஆட்களும் அந்தி நேரத்தில் யாழை மீட்டிச் செவ்வழிப் பண்ணில் பேகனின் காட்டைப் பாடுகிறார்கள். அவள் கண் கலங்கி நிற்கிறாள். "இளையவளே, எங்கள் தலைவனுக்கு நீ உறவா?" என்று கும்பிட்டுக் கேட்கிறார்கள். காந்தள் மொட்டுப்போல இருக்கிற விரலால் கண்ணீரைத் துடைத்துவிட்டு அவள் பேசுகிறாள். ஐந்து பாட்டில் அவள் வாய் திறப்பது இந்த ஒரு பாட்டில்தான். "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்." நாங்கள் அவனுக்கு உறவு இல்லை. "கேள் இனி: எம்போல் ஒருத்தி நலன் நயந்து, என்றும் வரூஉம் என்ப வயங்குபுகழ்ப் பேகன், ஒல்லென ஒலிக்கும் தேரொடு, முல்லை வேலி நல் ஊரானே." என்னைப் போல ஒருத்தியின் அழகை விரும்பி, சத்தம் போடுகிற தேரோடு அந்த முல்லை வேலி ஊருக்கு அவன் தினமும் வருகிறானாம், அப்படிச் சொல்கிறார்கள்.

ஊர் முழுக்க அவனை வள்ளல் என்று பாடுகிறது. வாசலில் நிற்கிறவர்களும் அவனிடம் பரிசில் வாங்குகிறவர்கள். அவர்கள் முன்னால் நின்று, நான் அவனுக்கு யாரும் இல்லை என்று சொல்கிறாள். இரக்கப்படு என்று கேட்கவில்லை. அவனை அழைத்து வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவனை அழைத்து வர வேண்டும் என்பது புலவர்களின் ஆசை. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவே இல்லை, தேடிப் பார். கண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பேசுகிறாள், அழுதுகொண்டே இல்லை. தேர் சத்தம் போடும் என்று சொல்கிறாளே, அந்தச் சத்தம் அவள் வீட்டைத் தாண்டிப் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாரியின் மகள்களுக்கு "அற்றைத் திங்கள்" என்று அவர்கள் வாயாலேயே ஒரு பாட்டு மிஞ்சியது. அப்பன் செத்த பிறகு கபிலர் அவர்களை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப் போய் நின்ற கதை எல்லாருக்கும் தெரியும். பேகன் மனைவிக்குச் சொந்தப் பாட்டு இல்லை. அவள் சொன்னது பரணர் பாட்டுக்குள் ஐந்தாறு வரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1894-ல் உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடிப் பிடித்து அச்சில் ஏற்றியிருக்காவிட்டால் அதுவும் நம் கைக்கு வந்திருக்காது. அந்த ஐந்தாறு வரியை அவள் மலையில் பிறந்த ஒரு பெண் பிள்ளை வாயால் மேடையில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த நாடகம்.

கூக்கால் பொண்ணு:

144-ஐ இப்போதுதான் முழுசாகப் படித்தேன். அக்கா, "எம்போல் ஒருத்தி" என்கிறாள், பாருங்கள். அந்த இன்னொரு பெண்ணை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைப் போல ஒருத்தி என்கிறாள். நாளைக்கு அவளுக்கும் இதே கதிதான் என்று தெரிந்து சொன்ன மாதிரி இருக்கிறது.

நான் முன்னால் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மிச்சப் பாதி அப்படியே இருக்கிறது. நான்கு புலவரில் ஒருவர்கூட, அவன் திரும்பி வந்தால் நீ கதவைத் திறப்பாயா என்று அவளிடம் கேட்கவில்லை.

தமிழய்யா, பழனி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். "கிளைஞரேம் அல்லேம்" என்பதை நீங்கள் இருவரும் உறவை அறுத்துக்கொண்ட வார்த்தையாகப் படிக்கிறீர்கள். அதை ஊடல் வார்த்தையாகவும் படிக்கலாம். கோபத்தில் "அவருக்கும் எனக்கும் என்ன" என்று சொல்கிற மனைவி உறவை முறித்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொல்வதும் அதற்குப் பொருந்தும். பாட்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்து மேடையேற்றினால் மற்றது காணாமல் போய்விடும்.

பூம்பாறை பூண்டுக்காடு:

ஐயா, என் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை வந்தால் அது ஊடலா முறிவா என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிடாது. நாலு நாள் போனால்தான் தெரியும். அந்தப் பிள்ளையை வெறுமனே அந்த வரியைச் சொல்ல விடுங்கள். கோபமாகவோ அழுகையாகவோ நடிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

மயில் விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். உவர் நிலத்தில் பெய்கிற மழை என்றது எனக்குப் பிடித்திருக்கிறது.

விருப்பாட்சிக்காரன்:

அடுத்த வருஷம் என்று டீச்சர் எழுதியதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். இந்த வருஷ விழாவுக்கு யாழ் போல ஏதாவது செய்ய வேண்டும் என்றால் எங்கள் ஊரில் மர வேலை செய்கிறவர் இருக்கிறார், நான் பேசுகிறேன். மலைவாழை ஒரு தாரும் அனுப்புகிறேன், பிள்ளைகளுக்கு.

பண்ணைக்காடு டீச்சர்:

நேற்றுப் பள்ளியில் மறுபடியும் பேசினோம். பாதி வெற்றி. மயில் காட்சி கட்டாயம் இருக்கும், மனைவி காட்சியும் இருக்கலாம், ஆனால் "இன்னொரு பெண்" என்ற பேச்சு மேடையில் வரக்கூடாது என்கிறார்கள். "எம்போல் ஒருத்தி" என்பது பழந்தமிழிலேயே இருக்கட்டும், நான் உரை சொல்ல மாட்டேன் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். புரிகிறவர்களுக்குப் புரியட்டும்.

காட்சி இப்படி: மயில், போர்வை, கைதட்டல். விளக்கு அணைகிறது. மழைச் சத்தம். நான்கு புலவர்களாக நான்கு பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக வந்து பேகன் முன்னால் நிற்கிறார்கள். பேகன் ஒன்றும் கொடுக்க முடியாமல் கையை விரிக்கிறான், ஏனென்றால் அவர்கள் ஒன்றும் வாங்க மறுக்கிறார்கள். நடுவில் அவள், அந்த ஒரு பாட்டு. பரிசிலை வேண்டாம் என்று சொல்லுகிற புலவர்களாக நடிக்கத்தான் பையன்கள் போட்டி போடுகிறார்கள், பேகனாக நடிக்க இல்லை. எனக்கே ஆச்சரியம்.

ஒரே பிரச்சினை: 147-வது பாட்டைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். "அது மன் எம் பரிசில் ஆவியர் கோவே" என்ற கடைசி அடியில் பையன் தடுமாறுகிறான். எனக்கும் அந்த இடத்தில் குரல் சரியாக வரவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. பழனியிலிருந்து யாராவது மேலே வர முடியுமா?

தமிழய்யா, பழனி:

நான் வருகிறேன் அம்மா. காலை முதல் பேருந்தில் ஏறிவிடுகிறேன்.

ஒரு நிபந்தனை. பேகன் மனம் மாறித் தேர் பூட்டினான், வீடு திரும்பினான் என்று கடைசியில் ஒரு காட்சி வைத்துவிடாதீர்கள். கேட்டார்கள் என்பதோடு பாட்டு முடிகிறது. போனானா இல்லையா என்று யாரும் பாடவில்லை. அந்தக் காட்சி இருந்தால் நான் கொண்டைஊசி வளைவு வரைக்கும் வந்தாலும் இறங்கித் திரும்பிவிடுவேன்.

பண்ணைக்காடு டீச்சர்:

அந்தக் காட்சி இல்லை ஐயா. தேரே செய்யவில்லை. கம்பளி ஒன்று கொண்டு வாருங்கள், பத்து மணிக்கும் இங்கே குளிரும்.